கார்தஹேனா பெட்டி: அமெரிக்காவில் இறங்காத சரக்குக்கு அமெரிக்க கஸ்டம்ஸில் யார் பதிவது?

"ஏனுங்க, நம்ம சரக்கு போறது கொலம்பியாவுக்கு. நடுவுல கப்பல் நியூயார்க்ல நின்னா நமக்கென்னங்க? அமெரிக்காக்காரன் எதுக்கு நம்மகிட்ட கணக்குக் கேக்கறான்?"

திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் திங்கட்கிழமை காலை என்னிடம் ஃபோனில் கேட்டது இது. கோபமாகத்தான் கேட்டார். கோபப்பட அவருக்கு நியாயமும் இருந்தது. அவருடைய சரக்கு இருந்த நாற்பதடிப் பெட்டி கொழும்பு யார்டில் கப்பல் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. அது நின்றதற்குப் பெரும் பங்குக் காரணம் தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் ஆபீஸ்.

நாங்கள் ஃபார்வர்டிங் வேலையோடு சொந்தமாக ஹவுஸ் பில் போடும் என்.வி.ஓ.சி.சி.யும் கூட. அதாவது கப்பல் சொந்தமில்லை. ஆனால் ஏற்றுமதியாளரிடம் சரக்கை வாங்கி, எங்கள் பெயரில் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கொடுத்து, லைனிடம், அதாவது கப்பல் நிறுவனத்திடம், இடம் பிடித்து அனுப்புகிறோம். எங்கள் பெயரில் போகும் அந்தப் பில்தான் ஹவுஸ் பில். அமெரிக்க வேலை எங்களுக்குப் புதிதில்லை. வாராவாரம் நியூயார்க்குக்கும் சவன்னாவுக்கும் பெட்டி போகிறது. கேரியரை அடையாளம் காட்டும் நாலெழுத்து ஸ்காக் கோடு எங்களுக்கென்று உண்டு, அமெரிக்க கஸ்டம்ஸுக்குக் கொடுத்த உத்தரவாதமான பாண்ட் உண்டு, அங்கே ஃபைல் செய்து கொடுக்க ஏஜெண்ட் உண்டு. இத்தனையும் இருந்தும் தவறியது என்பதால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

பெட்டியும் மூன்று பில்களும்

கொலம்பியாவில் ஒரே பையர். திருப்பூரில் மூன்று ஃபேக்டரிகள். மூன்று பேரின் சரக்கையும் தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் (பெட்டி நிரப்பும் சரக்குக் கூடம்) சேர்த்து ஒரே பெட்டியில் ஸ்டஃபிங் செய்தோம். ஒருவருடையது பருத்தி டி-ஷர்ட், இன்னொருவருடையது பெண்கள் லெகிங்ஸ், மூன்றாமவருடையது குழந்தைகளுக்கான பின்னலாடை. லைன் எங்களுக்குக் கொடுத்தது ஒரு மாஸ்டர் பில். அதில் ஷிப்பர் (அனுப்புபவர்) நாங்கள், கன்சைனி (பெறுபவர்) கார்தஹேனாவில் இருக்கும் எங்கள் டெலிவரி ஏஜெண்ட், இறங்குமிடம் கார்தஹேனா துறைமுகம். அவ்வளவுதான். நாங்கள் மூன்று ஃபேக்டரிகளுக்கும் கொடுத்தது மூன்று ஹவுஸ் பில். அவற்றில் கன்சைனி பையர். டெலிவரி கொடுக்க வேண்டிய இடம் பொகோட்டா.

இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்த வழக்கு முழுவதும். லைனைக் கேட்டால் கார்தஹேனா வரைதான் தெரியும். அதற்கு அப்பால் மலையேறி பொகோட்டாவில் யாருடைய குடோனுக்குப் போகிறது என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாமல் பார்த்துக்கொள்வதும் நாங்கள்தான். பையர் யார், குடோன் எங்கே என்று லைனுக்குச் சொல்லிவிட்டால் அடுத்த சீசனில் லைனின் சேல்ஸ் ஆள் நேராகத் திருப்பூர் போய் நிற்பார் என்ற பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

புக்கிங் போட்டபோது ரூட் இப்படி: தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் எனும் சிறு கப்பலில் கொழும்பு, அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு பசிபிக் கடந்து பனாமா கால்வாய் வழியாகக் கார்தஹேனா. வழியில் அமெரிக்கத் துறைமுகம் எதுவும் கிடையாது. அதனால் அமெரிக்க ஃபைலிங் என்ற பேச்சே எழவில்லை. ஹவுஸ் பில் எண்ணையும் எங்கள் லத்தீன் அமெரிக்க வரிசையில் போட்டோம். பதினான்கு எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு. இந்தச் சாய்கோடு பின்னால் வரும்.

வெள்ளி மாலை

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதிலிருந்து பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அட்டவணை என்ற வார்த்தைக்கே அர்த்தம் போய்விட்டது. கொழும்பில் பெட்டி ரோல் ஆவது, அதாவது ஏறவேண்டிய கப்பலில் ஏறாமல் அடுத்ததற்குத் தள்ளப்படுவது, வாடிக்கையாகிப் போனது. எங்கள் பெட்டியும் ரோல் ஆனது. சிங்கப்பூர் போகவேண்டிய கப்பல் கொழும்பைத் தொடாமலே போய்விட்டது. லைன் பெட்டியை வேறொரு மதர் வெசலுக்கு (கடல் கடக்கும் பெரிய கப்பல்) மாற்றியது. இது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும் கப்பல். நியூயார்க், நார்ஃபோக், சவன்னா தொட்டுவிட்டு, அப்புறம் கார்தஹேனா.

இதைச் சொல்லும் மெயில் வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு வந்தது. தலைப்பில் ரூட் மாற்றம் என்று மட்டும் இருந்தது. மேலே புதுக் கப்பலின் பெயர், புதுத் தேதி. கீழே நாலைந்து பத்தி தள்ளி, எல்லா மெயிலிலும் ஒட்டியிருக்கும் வழக்கமான வாசகங்களுக்கு நடுவில் ஒரு வரி: கப்பல் அமெரிக்கத் துறைமுகம் தொடுவதால் என்.வி.ஓ.சி.சி. வாடிக்கையாளர்கள் தங்கள் ஹவுஸ் பில்களுக்கு ஏ.எம்.எஸ்.ஸும் ஐ.எஸ்.எஃப்.-5ம் ஃபைல் செய்ய வேண்டும். ஏ.எம்.எஸ். என்பது சரக்குப் பட்டியலை அமெரிக்க கஸ்டம்ஸுக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் முறை; ஐ.எஸ்.எஃப்.-5 என்பது ஐந்து விவரம் கொண்ட பாதுகாப்பு அறிக்கை, அது பின்னால் வரும்.

எங்கள் டாக்குமெண்டேஷன் பையன் அந்த மெயிலைப் படித்தான். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அந்த வரியில் மஞ்சள் வண்ணம்கூடப் போட்டு வைத்திருந்தான். பிறகு சுவரில் ஒட்டியிருந்த செக்லிஸ்ட்டைப் பார்த்தான். அதில் "ஃப்ராப் – லைன் பார்த்துக்கொள்ளும்" என்று இருந்தது. சரி, லைன் பார்த்துக்கொள்ளும் என்று புதுத் தேதியை மட்டும் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்தச் செக்லிஸ்ட்டை எழுதியவன் நான். 2012-ல் எழுதியது. ஐ.எஸ்.எஃப்.பைப் பொறுத்தவரை எழுதிய காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

ஃப்ராப் என்றால்

கப்பல் ஒரு நாட்டுத் துறைமுகத்துக்குள் வருகிறது, ஆனால் சில பெட்டிகள் அங்கே இறங்குவதில்லை. அதே கப்பலிலேயே அடுத்த நாட்டுக்குப் போகின்றன. அப்படித் தங்கும் வெளிநாட்டுச் சரக்கை அமெரிக்க கஸ்டம்ஸ் ஃப்ராப் என்கிறது. அதே கப்பலில் இருக்கும் வரைதான் அது ஃப்ராப். மயாமியில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினாலோ, நியூயார்க்கில் இறக்கி லாரியில் கனடாவுக்கு அனுப்பினாலோ அது ஃப்ராப் இல்லை. முதலாவது உடனடி ஏற்றுமதி, இரண்டாவது தரைவழிப் போக்குவரத்தும் ஏற்றுமதியும் என்று தனித்தனியாக இன்-பாண்ட் (வரி கட்டாமல் கஸ்டம்ஸ் கண்காணிப்பில் கொண்டுபோகும்) காகிதம் போட வேண்டியவை. நம் ஊரில் எல்லாவற்றையும் "டிரான்சிட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஃபைலிங்கில் பாதிக் குழப்பம் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது.

இறங்காத சரக்கைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த விதிகள் இவை. 2002 டிசம்பர் 2 முதல் இருபத்திநாலு மணி நேர விதி வந்தது: அமெரிக்கா போகும் கப்பலில் பெட்டியை ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்குப் பட்டியல் அமெரிக்க கஸ்டம்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டிக்குள் வெடிகுண்டு இருந்தால் அது இறக்கப்படுமா என்று பார்த்து வெடிக்கப் போவதில்லை, துறைமுகத்துக்குள் கப்பல் வந்தாலே போதும். அதனால் இறங்காத சரக்கும் பட்டியலில் சேரும். பிறகு 2006-ல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2009 ஜனவரி 26 முதல் ஐ.எஸ்.எஃப். எனப்படும் பத்து-கூட்டல்-இரண்டு விதி. அமெரிக்காவுக்குள் நுழையும் சரக்குக்கு இறக்குமதியாளர் பத்து விவரம் தர வேண்டும், கப்பல் நிறுவனம் இரண்டு தர வேண்டும். நுழையாமல் கடந்து போகும் சரக்குக்கு ஐந்து விவரம் போதும், அதுதான் ஐ.எஸ்.எஃப்.-5.

அந்த ஐந்து விவரங்களை யார் தருவது என்பதில்தான் கதை இருக்கிறது. அமெரிக்க விதி ஐ.எஸ்.எஃப். இறக்குமதியாளர் என்று ஒருவரை வைத்திருக்கிறது. சரக்கு அமெரிக்கத் துறைமுக எல்லைக்குள் கப்பலில் வரக் காரணமானவர் என்று அவருக்கு விளக்கம். ஃப்ராப் சரக்குக்கு அவர் யார்? முதலில் விதியை எழுதியபோது, கப்பல் நிறுவனம் என்று எழுதினார்கள். கப்பலை அங்கே கொண்டு போகிறவர் அவர்தானே என்ற கணக்கு. ஆனால் கேட்கும் ஐந்து விவரங்களைப் பாருங்கள்: புக்கிங் செய்தவர் யார், எந்த வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும், கடைசியில் எங்கே டெலிவரி, கஸ்டம்ஸ் முடிந்தபின் சரக்கை முதலில் கையில் வாங்கப் போவது யார், சரக்கின் வகையைக் காட்டும் ஆறிலக்க எச்.எஸ். கோடு என்ன. என்.வி.ஓ.சி.சி. நடுவில் இருக்கும்போது இதில் பாதிக்கு லைனிடம் பதில் கிடையாது. கேட்டாலும் என்.வி.ஓ.சி.சி. சொல்லாது. முன்னே சொன்ன அதே பயம்தான். தராத விவரத்துக்கு லைன் எப்படிப் பொறுப்பேற்கும் என்று கப்பல் நிறுவனங்கள் பல வருடம் கேட்டன.

2016 ஜூலையில் அமெரிக்க கஸ்டம்ஸ் வரைவு விதி வெளியிட்டது. 2018 ஏப்ரல் 12-ல் இறுதி விதி வந்தது. மே 14 முதல் அமல். ஃப்ராப் சரக்குக்கான ஐ.எஸ்.எஃப். இறக்குமதியாளர் என்ற விளக்கத்துக்குள் கப்பல் நிறுவனத்தோடு என்.வி.ஓ.சி.சி.யும் வந்தது. விவரம் யாரிடம் இருக்கிறதோ அவரே நேராகக் கொடுக்கட்டும், போட்டியாளரிடம் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். உண்மையில் அது எங்களுக்குச் சாதகமான திருத்தம். பையரின் பெயரை லைனுக்குக் காட்டாமலே வேலை முடியும். ஆனால் சாதகத்தோடு பொறுப்பும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. எங்கள் சுவரில் இருந்த செக்லிஸ்ட் மட்டும் 2012-லேயே நின்றுவிட்டது. அமெரிக்காவுக்கே போகும் சரக்குக்கான செக்லிஸ்ட்டை ஒவ்வொரு வருடமும் திருத்தினோம். ஃப்ராப் எங்களுக்கு அபூர்வமாக வருவது, அதனால் அந்த வரியை யாரும் தொடவில்லை.

ஞாயிறு இரவு

லைனின் கொழும்பு டெஸ்க்கிலிருந்து ஃபோன் வந்தபோது நான் நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். திங்கள் நள்ளிரவு லோடிங். உங்கள் ஹவுஸ் பில் மூன்றும் ஏ.எம்.எஸ்.ஸில் தெரியவில்லையே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மணி ஏழரை. இருபத்திநாலு மணி நேரக் கணக்குக்கு நாலரை மணி நேரம் பாக்கி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கணக்கு தூத்துக்குடியில் ஃபீடர் ஏறும் நேரத்திலிருந்து இல்லை. அமெரிக்கா போகும் கப்பலில், அதாவது கொழும்பில் மதர் வெசலில் ஏறும் நேரத்திலிருந்து. லைன்கள் தங்கள் வசதிக்காகக் கடைசி நேரமான கட்-ஆஃப்பைப் பெரும்பாலும் தூத்துக்குடியிலேயே வைத்துவிடுவதால் நம் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் மறந்துபோயிருக்கும். எங்களுக்கு அன்று அந்த வித்தியாசம்தான் நாலரை மணி நேரத்தைக் கொடுத்தது. ஏ.எம்.எஸ்.ஸுக்குத்தான் 24 மணி நேரம். ஃப்ராபுக்கான ஐ.எஸ்.எஃப்.-5 கப்பலில் ஏற்றுவதற்கு முன்பு போனால் போதும். இன்-பாண்ட்டில் போகும் சரக்கின் ஐ.எஸ்.எஃப்.-5ஆக இருந்தால் அதற்கும் 24 மணி நேரம் உண்டு.

பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்து பையனுக்கு ஃபோன் போட்டேன். "அண்ணாச்சி, லைன் பாக்கும்னு போட்டிருந்துச்சே" என்றான். பதில் சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்பைத் திற என்றேன். எச்.எஸ். கோடு ஏற்றுமதிக்காக நம் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லிலேயே இருந்தது: டி-ஷர்ட் 6109.10, லெகிங்ஸ் 6104.62, குழந்தை உடை 6111.20. நம்முடையது எட்டிலக்கம், அவர்களுடையது பத்திலக்கம் என்றாலும் முதல் ஆறு உலகமெங்கும் ஒன்றுதான். துறைமுகம் தெரியும், பொகோட்டா தெரியும், புக்கிங் செய்தவரும் தெரியும். சரக்கை முதலில் கையில் வாங்கப் போவது யார் என்பதில் மாட்டிக்கொண்டோம். ஹவுஸ் பில்லில் இருந்தது பையரின் அலுவலக முகவரி. சரக்கு போவது அங்கே இல்லை, வாடகைக்கு எடுத்த ஒரு குடோனுக்கு. திருப்பூரில் மூன்று ஃபேக்டரியும் ஞாயிறு விடுமுறை. கடைசியில் லெகிங்ஸ் ஃபேக்டரியின் மெர்ச்சண்டைசர் தன் வாட்ஸ்அப்பில் பையர் அனுப்பிய ஷிப்பிங் மார்க் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார். அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் லேபிள்தான். அதில் குடோன் முகவரி இருந்தது. பத்து மணிக்கு அது கைக்கு வந்தது.

இன்னொரு சிறு கூத்தும் நடந்தது. அவசரத்தில் பையன் டெலிவரி நாடு என்ற இடத்தில் கொலம்பியாவுக்குப் பதில் கொழும்பு என்று அடித்து இலங்கையைத் தேர்ந்தெடுத்திருந்தான். எங்கள் ஆபீசில் ஆங்கில உச்சரிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். அனுப்பும் முன் கண்ணில் பட்டது, பிழைத்தோம்.

ஹவுஸ் பில் எண்ணில்தான் விழுந்தோம். ஏ.எம்.எஸ்.ஸில் பில் எண் என்பது நாலெழுத்து ஸ்காக்குக்குப் பின்னால் அதிகபட்சம் பன்னிரண்டு எழுத்து அல்லது எண். சாய்கோடு, கோடு, புள்ளி எதுவும் ஆகாது. அமெரிக்கச் சரக்குக்கு நாங்கள் தனி வரிசை வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் இந்த மூன்றும் லத்தீன் வரிசையில் போட்டவை, பதினான்கு எழுத்து. ஊர்க்குறியீட்டைச் சுருக்கி, சாய்கோட்டை எடுத்துவிட்டுப் பன்னிரண்டாக்கு என்று சொன்னேன். முதல் இரண்டும் அப்படியே போயின, பதினொன்றரைக்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மூன்றாவதில் பழைய எண்ணை அப்படியே ஒட்டிவிட்டான். நிராகரித்து வந்த பதில் ஆபீசின் பொது மெயிலுக்குப் போய் விழுந்தது. அந்த மெயிலை ராத்திரி யாரும் பார்ப்பதில்லை. மூன்றும் போய்விட்டது என்று நினைத்து நானும் தூங்கிவிட்டேன்.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அப்போது லோடிங்குக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம்தான் இருந்தது. லைன் பெட்டியை லோடு லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு பெட்டியில் மூன்று பில். இரண்டு சுத்தம், ஒன்று இல்லை என்றால் மூன்றில் இரண்டு பங்குப் பெட்டியை ஏற்ற முடியாது. குழந்தை உடைக்காரர் செய்யாத தப்புக்கு டி-ஷர்ட்காரரும் மாட்டினார். எனக்கு முதலில் ஃபோன் செய்து "ஏனுங்க" என்று கேட்டவர் இந்த டி-ஷர்ட்காரர்தான்.

லைன் இப்படிக் கறாராக இருந்ததில் குறை சொல்ல முடியாது. 24 மணி நேர விதி மீறினால் அபராதம் கப்பலுக்கும் வரும். ஐ.எஸ்.எஃப். தவறினாலோ தாமதமானாலோ ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் என்பது பாண்ட்டிலேயே எழுதியிருக்கும் தொகை. முதல் சில வருடங்கள் எச்சரித்து விட்டுக்கொண்டிருந்தவர்கள் 2013 ஜூலை 9 முதல் உண்மையாகவே கேட்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அந்த நோட்டீஸ் வரவில்லை. பெட்டி ஏறவே இல்லையே.

யார் பொறுப்பு என்று எப்படிப் பார்ப்பது

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆபீசில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். ஃபார்வர்டர் என்பது ஒரே ஆள் மாதிரித் தெரிந்தாலும் கஸ்டம்ஸ் கண்ணுக்கு அவன் வெவ்வேறு ஆள். ஏற்றுமதியாளருக்காக லைனில் இடம் பிடித்துக் கொடுத்து, லைனின் பில்லையே நேராக அவர் பெயரில் வாங்கித் தந்தால் நாம் வெறும் ஏஜெண்ட். அந்தச் சரக்கு ஃப்ராப் ஆனால் ஃபைலிங் லைனுடையது. நம் ஹவுஸ் பில்லில் அனுப்பினால் நாம் கேரியர். அந்த ஹவுஸ் பில்லுக்கு ஏ.எம்.எஸ்.ஸும் ஐ.எஸ்.எஃப்.-5ம் நம்முடையது. மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: வெளிநாட்டு என்.வி.ஓ.சி.சி. ஒன்றின் பில்லை இங்கே அவர்களுக்காக நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அப்போது பொறுப்பு அந்த வெளிநாட்டு நிறுவனத்துடையது, ஸ்காக்கும் அவர்களுடையது. ஆனால் விவரம் முழுக்க நம் கையில். நாம் நேரத்தில் அனுப்பாவிட்டால் அபராதம் அவர்களுக்கு, அடுத்த மாதம் ஏஜென்சி நம்மிடம் இருக்காது.

ஸ்காக்கோ பாண்ட்டோ இல்லாத சின்ன என்.வி.ஓ.சி.சி.கள் தூத்துக்குடியில் நிறைய. அவர்களுக்கும் பொறுப்பு போய்விடாது, வழிதான் வேறு. ஏ.எம்.எஸ்.ஸுக்கு ஹவுஸ் விவரத்தை லைனிடமே கொடுத்து ஃபைல் செய்யச் சொல்லலாம்; ரகசியம் போகும், அவ்வளவுதான். ஐ.எஸ்.எஃப்.புக்குப் பாண்ட் வைத்திருக்கும் ஏஜெண்ட்டுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஞாயிறு ராத்திரி ஏழரை மணிக்கு அதிகாரப் பத்திரம் எழுதி ஏஜெண்ட் பிடிக்க முடியாது. ஃப்ராப் நமக்கு வராது என்று நினைப்பவர்கள்கூட அந்தக் காகிதத்தை முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது. ரோல் ஆகும் பெட்டி எந்தக் கப்பலுக்குப் போகும் என்று கொழும்பில் யாரும் நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

டி-ஷர்ட்காரர் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கா மட்டும் அடாவடி செய்கிறது என்று அவருக்கு எண்ணம். நம் ஊர் சுங்கச் சட்டத்தைத் திறந்தால் 53-ஆம் பிரிவு இருக்கிறது: அதே கப்பலில் இந்தியாவைக் கடந்து போகும் சரக்கை வரி கட்டாமல் போக விடலாம், ஆனால் அது வருகைப் பட்டியலில் டிரான்சிட் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நம் துறைமுகங்களில் அதை சேம் பாட்டம் கார்கோ என்பார்கள். பட்டியல் நேரத்துக்கு வராவிட்டால் 30-ஆம் பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை அபராதம். அப்புறம் கப்பல் சரக்குப் பட்டியலுக்கென்றே வந்த புதிய ஒழுங்குமுறையை நம் அரசு அறிவித்தது 2018 மே 11-ல். அமெரிக்கத் திருத்தம் அமலுக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பு! அதை முழுதாக அமல்படுத்துவதை இங்கே பலமுறை தள்ளிப்போட்டார்கள் என்பது வேறு கதை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அப்போ நம்ம ஆளுகளும் அப்படித்தானுங்களா" என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஐரோப்பாவிலும் இதே பாடுதான். கப்பல் ராட்டர்டாமைத் தொட்டால் அங்கே இறங்காத பெட்டிக்கும் நுழைவுக்கு முந்தைய அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையை வாங்கும் ஐ.சி.எஸ்.2 என்ற கம்ப்யூட்டர் முறை கடல் சரக்குக்கு 2024 ஜூன் 3-ல் கப்பல் நிறுவனங்களோடு ஆரம்பித்து, ஹவுஸ் பில் போடுகிறவர்களை 2024 டிசம்பர் 4-க்கும் 2025 ஏப்ரல் 1-க்கும் இடையில் உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கேயும் ஆறிலக்க எச்.எஸ். கோடு வேண்டும், "ஜெனரல் கார்கோ" என்று மழுப்பினால் திருப்பி அனுப்பிவிடும். ஜப்பான் மட்டும் விதிவிலக்கு: அவர்களுடைய முன்னறிவிப்பு ஜப்பானில் இறங்கும் சரக்குக்குத்தான், கப்பலிலேயே கடந்து போவதைக் கேட்பதில்லை. ஆக ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு செய்தவை

பெட்டி கொழும்பில் பதினோரு நாள் கிடந்து அடுத்த கப்பலில் ஏறியது. அதுவும் அமெரிக்காவைத் தொடும் கப்பல்தான். மூன்று ஹவுஸ் பில்லையும் ரத்து செய்து அமெரிக்க வரிசையில் புது எண் போட்டுக் கொடுத்தோம். பழைய ஒரிஜினல்களை மூன்று ஃபேக்டரியிலிருந்தும் திரும்ப வாங்குவதற்கு ஒரு பையனைத் திருப்பூருக்கே அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் அதற்குள் பேங்கில் கொடுத்துவிட்டார். அது தனித் தலைவலி.

செக்லிஸ்ட்டில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும் என்று பையன் சொன்னான். எனக்கு அது போதவில்லை. அந்த வரி சரியாக இருந்திருந்தாலும் அன்று பாதி வேலைதான் நடந்திருக்கும். முகவரி கையில் இல்லை, எண் ஒத்துவரவில்லை, பதில் வரும் மெயிலைப் பார்க்க ஆளில்லை. அதனால் இப்போது எந்த நாட்டுக்குப் போனாலும் எல்லா ஹவுஸ் பில்லும் பன்னிரண்டு எழுத்துக்குள், சாய்கோடு இல்லாமல். சரக்கைக் கையில் வாங்கப் போகிறவரின் முகவரியைப் புக்கிங் ஃபாரத்திலேயே கேட்டுவிடுகிறோம். சில பேர் "அது எதுக்குங்க" என்று கேட்கிறார்கள், சொல்கிறோம். ஏ.எம்.எஸ். பதில்கள் மூன்று பேர் ஃபோனுக்குப் போகின்றன. ரூட் மாற்ற மெயில் வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன் புதுக் கப்பல் தொடும் துறைமுகங்களை ஒவ்வொன்றாக எழுதி ஃபைலில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பையன் முதல் இரண்டு வாரம் முணுமுணுத்துக்கொண்டே செய்தான். இப்போது முணுமுணுப்பு இல்லை, எழுதுகிறானா என்று வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

கொழும்பு யார்டு வாடகைக்கு லைன் எங்கள் பெயரில் பில் அனுப்பியது. கப்பலை மாற்றியது நீங்கள், அதுவும் வெள்ளி மாலை, அதுவும் ஐந்தாவது பத்தியில் என்று நான் பதில் எழுதினேன். ஃபைலிங் உங்கள் பொறுப்பு என்று அவர்கள் விதியை இணைத்து அனுப்பினார்கள். விதிப்படி அவர்கள் சொல்வதுதான் சரி. பாதியை நாங்கள் கட்டினோம். ஏற்றுமதியாளர்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. மீதிப் பாதிக்கு மாதம் ஒரு நினைவூட்டல் மெயில் வருகிறது, நானும் மாதம் ஒரு பதில் போடுகிறேன்.